வேறெதுவானாலும்

ஓர்ஹுஸ் துறைமுகம். நவம்பரில்
நான்கு மணிக்கே இருட்டிவிடும்.
எங்கள் ஜன்னலுக்கு வெளியே பாரந்தூக்கிகள்
கேட்ட கேள்விக்குப் பதில் வராதவை போல
கழுத்தை நீட்டி நிற்கின்றன.

அவற்றை ஓட்டும் நிரலின் மொழி கறாரானது.
எண் என்றால் எண். எழுத்து என்றால் எழுத்து.
ஓடத் தொடங்குமுன்பே ஒவ்வொரு பெயரையும் நிறுத்தி
நீ என்ன இனம் என்று கேட்கும்.
பதினோரு வருடம் அந்தக் கறாரை
என் சொந்த மானம்போலக் காத்தேன்.

கப்பல்கள் எங்கள் கம்பைலரைக் கேட்டுக்கொண்டா கிளம்புகின்றன?

மார்ச்சில் ஒரு செய்தி வந்தது:
எடை, 12,500.
ஆங்கிலேயன் எழுதினால் பன்னிரண்டாயிரத்து ஐந்நூறு.
எங்கள் நாட்டில் அந்தக் காற்புள்ளி தசமம்,
பன்னிரண்டரை.
வினைமுற்று வரும்வரை
வந்தானா வந்ததா என்று தெரியாத
விரவுப்பெயர் போல
நடுவில் நின்றது அந்தக் கோடு.

கம்பைலர் மறித்தது. நேரமில்லை.
நான்தான் எழுதினேன் அந்த வரியை:
இது எண், என்னை நம்பு.
நம்பிவிட்டது.
எத்தனை கறாரான மொழியிலும்
இப்படி ஒரு பின்வாசல் உண்டு.
கறார்க்காரர்கள்தான் அதற்குச் சாவி வைத்திருப்பார்கள்.

பன்னிரண்டரைக் கிலோ, யூட்டேயின் மகன் எடை,
என்று எண்ணிக்கொண்டு
இரும்புப் பெட்டியைச் சுண்டித் தூக்கப் பார்த்தது இயந்திரம்.
கம்பி அலறியதை மூன்றாவது மாடியில் கேட்டோம்.
மேலே கண்ணாடிக் கூண்டில் இருந்த வில்லஸ்
அதற்குப் பிறகு ஒரு வாரம்
இடது கையால் காபி குடித்தான்.

மடியில் கனமில்லையென்றால் வழியில் பயமில்லையாம்.
எங்களுக்குக் கனம் எவ்வளவு என்பதே தெரியவில்லை.

அப்புறம் கூட்டம், கூட்டத்துக்கு மேல் கூட்டம்.
எஸ்பென் சொன்னான், எல்லாவற்றையும் அவிழ்த்துவிடு,
ஓடும்போது பார்த்துக்கொள்ளலாம்.
நான் சொன்னேன், கதவையே அடைத்துவிடு.
அடைத்தால் கப்பல் எங்கே போகும், என்றாள் யூட்டே.

அவள் கேட்டது ஒரு புது இனம், ஒன்றே ஒன்று:
மூடிய உறை.
உள்ளே மதிப்பு. அதோடு சேர்த்து முத்திரையிட்டு
அந்த மதிப்பின் இனம்.
உறையைத் தூக்கலாம், கைமாற்றலாம், அடுக்கலாம்.
கூட்ட முடியாது. கழிக்க முடியாது.
நீ யார் என்று கேட்டால்தான் பிரியும்.
எண்ணாயிருந்தால் இந்த வழி.
எழுத்தாயிருந்தால், எந்த நாட்டுக் கை எழுதியது, அந்த வழி.
கடைசியில் ஒரு கிளை, அதை எழுதாமல்
கம்பைலர் யாரையும் வீட்டுக்கு அனுப்பாது:
வேறெதுவானாலும்.

இன்னொன்றும் சேர்த்தாள், எனக்குப் பிடிக்காத ஒன்று.
எல்லை தாண்டும் இடத்திலெல்லாம்
சத்தியம் செய்தவர் பெயர் உறைமேல் ஏறும்.
பழைய பின்வாசல்களும் இனி அந்த எல்லைக்குள்தான்.

நேற்று இரவு, மழை பக்கவாட்டில் அடிக்கும்போது,
ஓர் உறை பிரிந்தது.
எண்ணில்லை. எழுத்துதான், நாடு குறிக்காத எழுத்து.
கடைசிக் கிளையில் போய் உட்கார்ந்தது.
தூக்கி நின்றது. கப்பல் நின்றது.
வில்லஸ் தொலைபேசியில் டேனிஷ் மொழியின்
அத்தனை கெட்ட வார்த்தைகளையும் வரிசையாகச் சொன்னான்.

திரையில் ஒரே வரி:
எடை எண் என்று வாக்குக் கொடுத்தவர், குன்வோர்.
நான்தான். மறந்துபோன வேறொரு கோப்பில்,
ஏழு வருடத்துக்கு முந்தைய வேறொரு அவசரத்தில்.

காது சுட்டது. பழி
விழவேண்டிய இடத்தில் விழுந்துவிட்டது.
பெட்டி விழவில்லை.

தராசுக்கு எடுத்துப் போனார்கள்.
இருபத்தெட்டு நிமிடம் வீண் என்று
வில்லஸ் பதிவேட்டில் எழுதினான்,
வலது கையால்.